தங்க நிற எஞ்சின்

மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குக்குப் பின்னால், அப்பா கார் நிறுத்தும் தகரக் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது காப்பிக் கடை. வாசலில் அலங்காரத்துக்கு ஒரு பழைய அம்பாசடர்; திறந்த பானெட்டுக்குள் எஞ்சின், ஒயர், ரப்பர் ஹோஸ் எல்லாவற்றிலும் தங்கப் பெயின்ட். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுபதுகளில் அப்பா ஓட்டிய காரின் முதலாளியும் இதையேதான் செய்தார். வண்டி புதுசாகத் தெரிய வேண்டுமாம். எண்ணெய்ப் பிசுக்கைக்கூடக் கழுவாமல் எல்லாவற்றிலும் கறுப்பு அடிக்க வைத்தார்.

"ஹோஸ் வெடிச்சாக்கூடத் தெரியாது. வண்டி வழியில நின்னா என்னையல்லே குத்தம் சொல்லுவாரு," என்றார் அப்பா.

"குளிக்காம பவுடர் பூசின மாதிரி இருக்கு," என்றாள் அம்மா.

அந்த மழைக்கால ஞாயிறுகள் முழுக்க, தகரத்தில் மழை இரைய, சுக்கு மணமும் தின்னர் நெடியும் தொண்டையைக் கரகரக்க வைக்க, இரும்பில் இருந்த பெயின்டை அப்பா தின்னர்த் துணியால் துடைத்துத் துடைத்துக் கரைக்க, பித்தளைத் தகட்டின் எண்களுக்குள் உறைந்ததை அம்மா கொண்டை ஊசியால் கிளறிக் கிளறி எடுக்க, ரப்பருக்குத் தின்னர் ஆகாது என்று ஹோஸை மட்டும் நான் நகத்தாலேயே சுரண்டினேன். பெயின்டுக்கு அடியில் விரல் நீளத்துக்கு வெடிப்பு இருந்தது. அதை அப்பா காட்டியபோது முதலாளி குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"பெயின்ட் எவிடே போயி?" என்றுதான் கேட்டார்.

இப்போது தங்க ஹோஸில் நான் கை வைத்ததும் காவலாளி ஓடி வந்தான்.

"தொடண்ட சேச்சி, பெயின்ட் போகும்."

"போகட்டும்," என்று நகத்தை அழுத்தினேன்.