கண் கட்டிய பிள்ளைகள்

தொண்ணூறுகளின் நடுவில், ஊரை விட்டு வந்து பலெர்மோ நகரத்தில் எனக்கு அது முதல் இலையுதிர் காலம். அக்காவின் மகன், என் மருமகனின் வகுப்பைக் காட்டுக்குக் கூட்டிப் போனார்கள். துணைக்கு ஒருவர் போக வேண்டும். அக்காவுக்கு அன்று முதலாளியம்மா சிஞ்ஞோராவின் வீட்டில் வேலை. "எங்கட குடும்பத்தில பள்ளிக்கூடம் முடிச்சவன் நீதானே, நீ போ" என்றாள்.

காட்டில் பின்தங்கிய ஒரு பிள்ளைக்குச் சப்பாத்து நாடா கட்டிவிட்டு பாதை வளைவைத் தாண்டியவன் உறைந்துபோனேன். பிள்ளைகள் ஆளுக்கொரு மரத்தோடு நின்றார்கள். எல்லாருடைய கண்களும் துணியால் கட்டப்பட்டிருந்தன. ஒரு சத்தமும் இல்லை.

"அவிழுங்கோ!" என்று தமிழில் கத்திக்கொண்டு ஓடி, மருமகனின் கட்டைப் பிடுங்கி எறிந்தேன்.

"ஐயோ மாமா, இது ஜோக்கோ, விளையாட்டு! மரத்தைத் தடவிப் பார்த்திட்டு, பிறகு கண்ணைத் திறந்து அதைத் தேடோணும். எல்லாரும் பார்க்கினம், வெக்கமா இருக்கு."

யுத்த நேரம் ஊரில் ஆமிக்காரர் என் கண்ணைக் கட்டி இழுத்துப்போனதை அவனுக்கு எப்படிச் சொல்வது? "எனக்குப் பயமா இருக்கடா" என்றேன்.

அவன் யோசித்தான். "அப்ப நீங்கள் கட்டுங்கோ. நான் கையைப் பிடிக்கிறன்."

கட்டிக்கொண்டேன்.

"வேர் இருக்கு மாமா, காலைத் தூக்குங்கோ. மெதுவா."

அன்று என்னை இழுத்துப்போன எவரும் வழியில் வேர் இருக்கிறதென்று சொல்லவில்லை.

அவன் என் கையை ஒரு மரத்தில் வைத்துத் தடவிப் பார்க்கவிட்டு, பழைய இடத்துக்கே கூட்டி வந்தான். கட்டை அவிழ்த்தபின் அந்த மரத்தை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. "படிச்ச மாமா தோத்திட்டார்!" என்று அவன் குதித்தான்.

இப்போதும் இருட்டில் நடந்தால் அந்தச் சின்னக் கைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆமிக்காரனின் கை அதற்குப் பிறகுதான்.