கம்பைலர் தேடிய வருஷம்

திருச்சிக்கு டிரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்து என் மேஜை டிராயரில் ஒரு கோடைக்காலம் முழுக்கக் கிடந்தது. ஆர்டர் வந்தால் மட்டும் போதாது, இருக்கிற இடத்தில் ரிலீவ் செய்ய வேண்டும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள். எங்கள் டைரக்டர் தங்கமான மனிதர், குரலை உயர்த்தியதே கிடையாது. இஞ்சி டீ வரவழைத்துக் கொடுத்து, மாற்று ஏற்பாடு ஆகட்டும் மேடம், ஆனதும் விட்டுவிடுகிறேன் என்பார். நானும் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வருவேன். டெல்லியில் மறுப்பதற்கு அப்படி ஒரு மரியாதையான வழி இருக்கிறது.

என் வீட்டுக்காரருக்கு முதலில் மாற்றலாகி, அவர் மகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், நீயும் ஒரு மாதத்தில் வந்துவிடுவாயே என்றார். நம்பினேன். ஆர்.கே.புரம் வீட்டைக் காலி செய்துவிட்டு, முனீர்காவில் ஒரு பஞ்சாபி அம்மாள் வீட்டு மாடியில் ஒற்றை அறைக்குப் போனேன்.

மகள் ஏழாம் வகுப்பு. டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். நாங்கள் தமிழில் பேசினால் அவள் இந்தியில் பதில் சொல்வாள். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அவளைக் கொண்டுபோய் திருச்சியில் ஒரு தமிழ் டீச்சர் முன்னால் நிறுத்தினால் குழந்தை என்ன செய்யும்? பள்ளி விட்டு வந்ததும் எனக்குப் போன் அடிப்பாள். பாடப் புத்தகத்தை வீடியோவில் காட்டி, இதுக்கு என்ன அர்த்தம் மம்மி என்று கேட்பதற்காக.

அந்த நேரத்தில் என் போன் கேட் பக்கத்தில் ஒரு இரும்பு லாக்கருக்குள் கிடக்கும். எங்கள் ஆபீஸில் அதுதான் சட்டம். போன், பென் டிரைவ் எதுவும் உள்ளே வரக்கூடாது. நான் வேலை செய்த அறைக்கு ஜன்னல் கிடையாது, அங்கிருந்த மெஷின்களுக்கு இன்டர்நெட் கிடையாது. வெளியே மழையா, தூசிப் புயலா என்பது சாயங்காலம் கேட்டுக்கு வந்தால்தான் தெரியும். லாக்கரைத் திறந்தால் போனில் மிஸ்டு கால் வரிசையாக நிற்கும், எல்லாம் அவள். நான் மெட்ரோவில் நின்றபடியே கூப்பிடுவேன். அழுது முடித்து, பாதி வீட்டுப்பாடத்தை எழுதாமலே வைத்திருப்பாள். 

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் டைரக்டரிடம் நேராகவே கேட்டுவிட்டேன், என்ன செய்தால் என்னை விடுவீர்கள் என்று. அவர் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை சொன்னார். புது மெஷின்கள் வந்திருக்கின்றன, நீங்கள் இல்லாமல் அவற்றில் எதில் வேண்டுமானாலும் நம் மென்பொருள் பில்ட் ஆக வேண்டும். அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

நிபந்தனை நியாயமானதுதான். நாங்கள் எழுதுகிற நிரலை மெஷின் ஓட்டக்கூடியதாக மாற்றித் தருவது கம்பைலர். அதோடு, துண்டு துண்டாக இருப்பதைக் கோத்து முடிக்க இன்னும் நாலைந்து கருவிகள் வேண்டும், இந்த வேலை முழுவதையும் சேர்த்துத்தான் பில்ட் என்போம். எங்கள் மென்பொருள் பழசு, அதற்கு ஒரு குறிப்பிட்ட பழைய கம்பைலர்தான் ஒத்துவரும். அது என் மெஷினில் இருந்தது. யாருக்கு என்ன வேண்டுமென்றாலும் 'மேடம் கீ மெஷின் ஸே லே லோ', மேடம் மெஷினிலிருந்து எடுத்துக்கொள் என்பதுதான் அந்த அறையின் வழக்கம். அறைக்குள் மட்டும் ஓடும் நெட்வொர்க் வழியாக என் மெஷினின் டிரைவை அவரவர் மெஷினோடு இணைத்துக்கொண்டு வேலையை முடித்துக்கொள்வார்கள். வருஷக்கணக்காக அப்படித்தான் நடந்தது. எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான், இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஆகவே ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். எந்த மெஷினில் ஓட்டினாலும் கம்பைலரும் மற்ற கருவிகளும் எங்கே இருக்கின்றன என்று அதுவே தேடிக் கண்டுபிடித்து, அவற்றை வைத்து பில்ட் செய்துவிடும். நாம் வீட்டில் கத்தரிக்கோல் தேடுவது போலத்தான். முதலில் வைக்கவேண்டிய டிராயர், அங்கே இல்லையென்றால் ஃபிரிட்ஜ் மேல், அங்கேயும் இல்லையென்றால் வீடு முழுக்க. மெஷினின் பதிவேட்டில் பார், வழக்கமான ஃபோல்டர்களில் பார், பிறகு ஒவ்வொரு டிரைவாகப் பார். முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள், அதற்குமேல் தேடாதே. இந்தக் கடைசி வரியை வேகத்துக்காகப் போட்டேன்.

டைரக்டர் ஒரு பக்கத்தில் ரிப்போர்ட் வேண்டும் என்றார். எது எங்கே இருக்கிறது என்றெல்லாம் மேலே அனுப்பினால் யாரும் படிக்கமாட்டார்கள், இருக்கிறதா இல்லையா என்று மட்டும் வரட்டும் என்றார். சரி என்று அப்படியே செய்தேன். புது மெஷின்களைத் தயார் செய்தவர்கள் இரண்டு காண்ட்ராக்ட் இன்ஜினியர்கள், நல்ல பிள்ளைகள். அவர்கள் ஒவ்வொன்றிலும் ஓட்டிப் பார்த்தார்கள். எல்லா மெஷினும் 'இருக்கிறது' என்றது, எல்லாம் பில்ட் ஆனது. டைரக்டர் எழுந்து நின்று கைகொடுத்தார். தீபாவளி முடிந்து வந்ததும் கையெழுத்து என்றார்.

அன்றைக்கு நான் இருந்த இருப்பு! வீட்டுக்கார அம்மாளிடம் அறையைக் காலி செய்வதாகச் சொன்னேன். ஆர்.கே.புரம் நாளிலிருந்து எனக்கு வேலை செய்த தமிழ் அக்கா ஒருத்தி இருந்தாள். ஜங்புராவில் அவர்கள் குடிசை கேம்ப்பை அரசாங்கம் இடித்த பிறகு ஊர்க்கோடியில் நரேலாவுக்குப் போனவள், மூன்று பஸ் மாறி அன்றைக்குப் பார்க்க வந்திருந்தாள். பஞ்சு அடைத்த என் ரஜாய்ப் போர்வை, இரண்டு ஸ்வெட்டர், கம்பளி சாக்ஸ் எல்லாவற்றையும் அவளிடம் கொடுத்துவிட்டேன். திருச்சி வெயிலில் ரஜாயை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். மகள் என் இடுப்பை விடவில்லை. பட்டாசு வெடிக்கக்கூட என் கையைப் பிடித்துக்கொண்டுதான் போனாள். ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டு, இனிமேல் போகமாட்டாயே என்று இந்தியில் கேட்டாள்.

"போகமாட்டேண்டி. ரெண்டே நாள், கையெழுத்து வாங்கிட்டு ஓடி வந்துடுவேன்" என்றேன்.

எங்கள் ஆபீஸில் தீபாவளிக்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. பட்டாசு, தீ விபத்து என்ற பயத்தில் கேர்டேக்கர் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, கதவுக்குத் துணி சுற்றி அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போவார். விடுமுறை முடிந்து திறந்ததும் அவரவர் மெஷினை அவரவர் போட்டுக்கொள்ள வேண்டும். லீவில் இருப்பவர் மெஷினை மட்டும் யாரும் தொடமாட்டார்கள், ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது என்ற பயம்தான். நான் இன்னும் ஊரில் இருந்தேன், என் மெஷின் அணைந்தே கிடந்தது.

காண்ட்ராக்ட் பையன்களில் ஒருவர் போன் செய்தார். மேடம்-ஜி, எந்த மெஷினிலும் கம்பைலர் இல்லை என்று வருகிறது, போன வாரம் இருந்ததே என்றார்.  உடனே கேட்டேன், மெஷின்களில் என் டிரைவை இணைத்திருக்கிறீர்களா என்று. எல்லாவற்றிலும் இணைத்தாயிற்று மேடம்-ஜி, உங்களுக்குச் சிரமம் இருக்கக்கூடாதே என்று முதல் வேலையாக அதைத்தான் செய்தோம் என்றார்.

அடப்பாவிகளா. புது மெஷின் ஒன்றிலும் கம்பைலர் இருந்ததே இல்லை. என் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு மெஷினிலும் தேடு தேடென்று தேடி, கடைசியில் என் மெஷினைத்தான் கண்டுபிடித்திருக்கிறது. கண்டுபிடித்ததும் 'இருக்கிறது' என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டது. என் மெஷினைப் போடுங்கள் என்றேன். போட்டார்கள், உடனே எல்லாம் ஓடியது. டைரக்டர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், போனை வாங்கினார். மனிதர் முட்டாள் இல்லை.

"அப்படியென்றால் மேடம், நீங்கள் இல்லாமல் ஓடவில்லை" என்றார்.

அந்த மெஷினை அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், நான் போகிறேன் என்று கெஞ்சினேன். அதற்கும் வழியில்லை. மெஷின் ஸ்டோர்ஸ் கணக்கில் என் பெயரில் இருக்கிறது. ரிலீவ் ஆகிறவர் தன் மெஷினை ஒப்படைத்தால்தான் பாக்கி இல்லை என்று எழுதித் தருவார்கள், ஒப்படைத்த மெஷினின் டிஸ்கை அழித்துவிடுவார்கள். நான் போனால் அது போகும், அது போகாமல் நான் போக முடியாது. பெட்டியோடு மறுபடி ரயில் ஏறினேன். மகள் ஸ்டேஷனுக்கு வரவில்லை, தலை வலிக்கிறது என்று சொல்லி அனுப்பினாள்.

அப்போதும் பத்து நாள் வேலை என்றுதான் நினைத்தேன். புது மெஷின்களில் நிஜமாகவே கம்பைலரைப் போட்டுவிட்டால் தீர்ந்தது. ஆனால் அந்த அறையில் எதை நிறுவவும் செக்யூரிட்டி செக்ஷன் அனுமதி வேண்டும். பையன்கள் அதை முன்பே கேட்டிருக்கிறார்கள். ஃபைல் திரும்பி வந்துவிட்டதாம். ஏன் என்று எடுத்துப் பார்த்தால், 'எல்லா மெஷின்களிலும் கருவி ஏற்கெனவே இருக்கிறது, நிறுவ அவசியமில்லை' என்று எழுதி, ஆதாரமாக என் ஒரு பக்க ரிப்போர்ட்டையே கீழே இணைத்திருந்தார்கள். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது என்பார்களே, அது நான்தான்.

ஸ்கிரிப்டை மாற்றினேன். அடுத்தவர் மெஷினில் கிடைப்பதைக் கணக்கில் எடுக்காதே, எது எங்கே இருக்கிறது என்பதையும் சொல் என்றேன். இப்போது எல்லா மெஷினும் 'இல்லை' என்று ஒழுங்காக உண்மை பேசியது. அந்த ரிப்போர்ட்டை அனுப்பினால், போன மாதம் இருந்தது இந்த மாதம் எங்கே போனது, கருவி திருடு போனதா என்று கேள்வி வந்தது. பதில் எழுதினேன். டிரைவை இணைக்க யார் அனுமதி கொடுத்தது என்றார்கள். அதற்கும் எழுதினேன். ஃபைல் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு, நிறைமாசக் கர்ப்பிணி மாடி ஏறுவது போல நின்று நின்று போனது.

குளிர் வந்துவிட்டது. கொடுத்த ரஜாயைத் திருப்பிக் கேட்கவா முடியும்? சரோஜினி நகரில் நடைபாதையில் ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன், கை நீளம் போதவில்லை. வீட்டுக்கார அம்மாள் அடுத்த ஆளுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று முணுமுணுத்துக்கொண்டே வாரா வாரம் இருக்கவிட்டாள். பெட்டியை நான் பிரிக்கவே இல்லை, மேலே இருந்து எடுத்து உடுத்திக்கொண்டு, துவைத்து மறுபடி மேலேயே வைத்தேன். காலையில் வெளியே வந்தால் எதிர்வீடு தெரியாத புகை, உள்ளே போனால் ஜன்னல் இல்லாத அறை. நடுவில் நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு அந்த லாக்கர்தான் அத்தாட்சி. சாயங்காலம் அதைத் திறந்து போனைப் பார்க்கும் அந்த ஒரு கணத்துக்காகத்தான் நாள் முழுக்க உள்ளே இருந்தேன்.

அந்த மிஸ்டு கால் வரிசை குறைய ஆரம்பித்ததை நான் கவனிக்காமல் இல்லை. முதலில் தினமும் ஏழெட்டு இருந்தது. டிசம்பரில் ஒன்றோ இரண்டோ. பரீட்சை சமயம், படிக்கிறாள் போல என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொங்கலுக்கும் எனக்கு லீவு கொடுக்கவில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் வெல்லமும் ஒரு துண்டுக் கரும்பும் வாங்கி வந்து, அறையில் ஒற்றையாக உட்கார்ந்து கரும்பைக் கடித்தேன். வீடியோவில் கூப்பிட்டேன். அவள் பக்கத்து வீட்டிலேயே இருக்கும் என் நாத்தனாரோடு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள், கையெல்லாம் மாவு, அப்புறம் பேசறேம்மா என்றாள். எப்போது வருவாய் என்று அன்றைக்கு அவள் கேட்கவில்லை.

குளிர் விடும் சமயத்தில் அனுமதி வந்தது. பையன்கள் ஒவ்வொரு மெஷினிலும் கம்பைலரைப் போட்டார்கள். சோதனை நாளன்று டைரக்டர் முன்னாலேயே குனிந்து மேஜைக்கடியில் புகுந்து, என் மெஷினின் பிளக்கை என் கையாலேயே பிடுங்கினேன். அறை முழுக்க ஸ்கிரிப்ட் ஓடியது. ஒவ்வொரு மெஷினும் தன்னிடமே தேடி, தன்னிடமே கண்டுபிடித்து, என்னைக் கேட்காமல் பில்ட் செய்து முடித்தது. டைரக்டர் அங்கேயே பேனாவை எடுத்தார். முபாரக் ஹோ மேடம் என்று வாழ்த்தினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மெஷினை ஸ்டோர்ஸில் ஒப்படைத்துவிட்டு, ஆர்டரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டுக்கு ஏறக்குறைய ஓடினேன். லாக்கரைத் திறந்தேன். மிஸ்டு கால் ஒன்றுகூட இல்லை. பரவாயில்லை என்று நானே கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன், வியாழக்கிழமை ரயில் ஏறுகிறேன், இனி தமிழ்ப் பாடமெல்லாம் நாம் இரண்டு பேரும் சேர்ந்தே படிக்கலாம் என்றேன். அவள் தமிழிலேயே பேசினாள். தடங்கல் இல்லாத, அசல் திருச்சித் தமிழ்.

"அதெல்லாம் அத்தை சொல்லிக் குடுத்துடறாங்கம்மா, பக்கத்துலயே இருக்காங்கல்ல. நீ அவசரப்படாம, வேலையெல்லாம் முடிச்சுட்டு நிதானமா வா."

குரலில் கோபம் துளியும் இல்லை. கோபமாக இருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. குழந்தை தேடியிருக்கிறாள், பக்கத்தில் கிடைத்திருக்கிறது, தேடுவதை நிறுத்திவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? சரிம்மா என்றேன். கேட்டில் இருந்தவர் லாக்கர் சாவியைக் கேட்டார், இனிமேல் வரமாட்டீர்களே மேடம் என்று. கொடுத்துவிட்டு வெளியே வந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் ரோட்டிலேயே நின்றேன்.