ஈப்போ வீட்டுக் கிணறு

எருத்தேன்பதியில் யாராவது நாச்சம்மாளிடம் போய், மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்த கதையைச் சொன்னால், பையன் கறுப்பா சிவப்பா என்று கேட்க மாட்டாள். "கெணத்துல எத்தன பங்கு?" என்பாள். அதில் தப்பும் இல்லை. அந்தப் பக்கத்தில் புன்செய்க் காட்டை ஒருவருக்கும் கிணற்றுப் பங்கை இன்னொருவருக்கும் தனித்தனியாக விற்க முடியும். அவள் மாமனாரே அப்படி ஒரு காட்டை வாங்கிவிட்டு, தண்ணீர் முறை வேறொருவன் பெயரில் போய்விட்டது தெரிந்து வரப்பில் உட்கார்ந்து அழுதவர். அன்றிலிருந்து அந்த வீட்டில் மண்ணை நம்பியவர் யாரும் இல்லை.

எழுபத்து நாலில், கடலை பிடுங்கி முடித்த சமயத்தில், அவளுடைய தங்கை மருதாத்தாள் மீனாட்சிபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். ஈப்போ வீட்டை விற்றுவிடலாம் என்றாள்.

அந்த வீடு அவர்களுடைய அய்யன் குப்பண்ணன் வாங்கியது. மலாயாவில் ஈப்போ நகருக்குப் போய் மாடு கட்டிப் பால் விற்றவர். நாச்சம்மாளுக்கு ஐந்து வயதானபோது அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனார். மாமன் மகன் அப்புசாமிக்கு என்று பேசி வைத்த பெண் ஆனதால், அவளை மட்டும் மாமன் வீட்டிலேயே விட்டுவிட்டார்கள். மருதாத்தாள் அங்கே போய்ப் பிறந்தவள். பெரியவளான பிறகு அம்மாவோடு திரும்பி வந்து மீனாட்சிபுரத்தில் வாக்கப்பட்டாள். அய்யன் வரவேயில்லை. அங்கேயே செத்தார். வீடும் மாட்டுக்கொட்டகையும் இரண்டு மகள்கள் பெயரில் நின்றன.

மருதாத்தாள் பேச்செடுத்தால் "எங்கய்யன்" என்பாள். "நம்மய்யன்" என்று அவள் வாயில் வராது. எங்கய்யனுக்குக் கோபம் வந்தால் மீசையை மெல்லுவார், எங்கய்யன் கோப்பியைத் தட்டில் ஊற்றித்தான் குடிப்பார். நாச்சம்மாளுக்கு நினைவிருந்தது, அவர் வண்டியில் ஏறும்போது தெரிந்த முதுகு மட்டும்.

அப்புறம் அந்தச் செருப்புகள். ஊர்க்காரர் யார் ஊர் திரும்பக் கப்பலேறினாலும் அய்யன் நாச்சம்மாளுக்கு ஒரு ஜோடி கொடுத்தனுப்புவார். சிவப்பு வெல்வெட்டில் பாசிமணி தைத்தது. ஒன்றுகூட அவள் காலுக்குச் சேர்ந்ததில்லை. விரல் நுழைந்தால் குதிகால் வெளியே நிற்கும். அங்கே இருக்கும் தங்கை மகாராணி போட்டுப் பார்த்துவிட்டுக் கழித்ததைத்தான் நமக்குத் தள்ளிவிடுகிறார்கள் என்று பதிமூன்று வயதில் முடிவுகட்டினாள். அந்த முடிவை அவள் பிறகு மாற்றிக்கொள்ளவில்லை.

"வெள்ளிக்கெழம சித்தூர் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு வந்து ஒரு கையெழுத்துப் போட்டீன்னாப் போதும்க்கா" என்றாள் மருதாத்தாள். "முக்தியாருப் பத்திரம் எங்கொழுந்தன் பிச்சமணி பேருக்கு. நம்ம ரெண்டு பேருக்காவ அங்கத்த வேலையெல்லாம் அவரு பாத்துக்குவாரு."

"உங்கொழுந்தன். எங்கொழுந்தன் பேருக்கு எழுதினா ஆவாதா?"

"உனக்குத்தான் கொழுந்தனே இல்லியே."

உள்ளே நாச்சம்மாளின் புருஷன் அப்புசாமி இருமினார். சிரிப்பை அடக்கினார் என்று இரண்டு பேருக்குமே தெரிந்தது.

"செரி, கெணறு யாரு பேர்ல இருக்குது?"

"எந்தக் கெணறு?"

"அந்தப் பூமியில இருக்கற கெணறு."

"அங்கெல்லாம் கெணறு ஏதுக்கா? குழாத் தண்ணிதான்."

"இருவது மாட்டக் குழாயில தண்ணி காட்டி வளத்தாராக்கும்! ஏண்டி, நானென்ன கட்டுத்தறியே பாக்காதவளா? கெணத்துப் பங்கத் தனியா வித்துத் தின்னுபோட்டு வறட்டு மண்ணுக்கு எங்கிட்டக் கையெழுத்துக் கேக்கறான் உங்கொழுந்தன்."

மருதாத்தாள் எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். "ஈப்போவப் பாத்திருந்தா நீ இப்பிடிப் பேச மாட்டே."

"பாக்க உட்டாத்தானே!"

தங்கை திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸுக்கு நடந்தாள்.

கையெழுத்துப் போடாவிட்டால் நாச்சம்மாளுக்கும்தான் நட்டம். அங்கே குடியிருந்த சைக்கிள் கடைச் சீனர் வாங்கத் தயாராக இருந்தார். இழுத்தடித்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். இங்கேயோ இரண்டு கோடையாகப் பங்குக் கிணறு அடியில் சேறாகக் கிடந்தது. தன் பங்கு வந்தால் சொந்தமாக ஒரு போர் போட்டுக்கொண்டு யார் முறைக்கும் காத்திராமல் இருக்கலாம் என்பது அவளுடைய பல நாள் கனவு.

"அவிய ஊரு நம்மூராட்டவே இருக்குமா புள்ளே?" என்று அப்புசாமி கேட்டுப் பார்த்தார்.

"மாடு எந்தூர்லயும் தண்ணி குடிக்குமுங்க" என்று வாயை அடைத்தாள்.

மனசு கேட்கவில்லை. தங்கையின் வாயிலிருந்தே பொய்யைப் பிடுங்கிவிடுவது என்று மறுநாள் விடிந்ததும் மீனாட்சிபுரம் போனாள். பால் சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு ஆட்கள் தூக்குப்போசியோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

மருதாத்தாள் வீட்டு வாசலில் அவள் நின்றுவிட்டாள். கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. தொட்டியும் நிறைந்திருந்தது. ஆனாலும் மருதாத்தாள் தோளில் ஒரு மூங்கிலைக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் தகர டின்களைத் தொங்கவிட்டு, கொட்டகைக்குத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தாள். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"மோட்டாரு இருக்கறப்ப எதுக்குடி இந்தக் கூத்து?"

மருதாத்தாள் டின்களை இறக்கினாள். வந்தவளை வா என்று சொல்லவில்லை. "காலையில இத நாலு நடை நடக்காட்டி எனக்கு ஒடம்பு விடியாது. அங்க தெருமொனைக் குழாயில இருந்து இப்பிடித்தான். ஏழு வயசுல ஆரம்பிச்சது."

முந்தானையை விலக்கித் தோளைக் காட்டினாள். ரவிக்கை ஓரத்தில் எலும்புமேல் சதை காய்ந்து, பாரமிழுத்த மாட்டின் கழுத்துபோல மேடு தட்டியிருந்தது. "கெணறு இருந்திருந்தா இது ஏங்க்கா வருது?"

நாச்சம்மாள் மாட்டின் கழுத்தைப் பார்த்தே அது எத்தனை வருஷம் கவலை ஏற்றம் இழுத்தது என்று சொல்லிவிடுபவள். அந்த மேடு பொய் சொல்லாது. கிணறு இல்லை. அந்த நினைப்பு மனசுக்குள் இறங்கிய கையோடு இன்னொன்று மேலே வந்தது.

"அய்யனும் சொமப்பாரா?"

"முன்னால அவரு. பின்னால நானு."

தினமும் விடியற்காலம் அவருக்குப் பின்னால் நடந்திருக்கிறாள். நாச்சம்மாளுக்கு அந்தச் சுமையைப் பார்த்தே பொறாமை வந்தது. சொல்ல வெட்கமாக இருந்ததால் வேறொன்றைச் சொன்னாள்.

"அதுக்குக் கூலியா வெல்வெட் செருப்பு. நீ கழிச்சது எனக்கு."

மருதாத்தாள் அவளை விநோதமாகப் பார்த்தாள். "நாங் கழிச்சதா? எனக்கு ஒரு ஜோடி வாங்கினதில்லக்கா. கடையில எங்காலப் புடிச்சு வெச்சு, இதவிட ஒரு வெரக்கடை பெருசாக் குடுன்னு சொல்லி உனக்கு வாங்குவாரு. ஊட்டுக்கு வந்தா நாந் தொடக் கூடாது. அது அக்காளுதும்பாரு. நான் அழுதழுது தூங்குவேன். உம்பேரக் கேட்டாலே எனக்கு எரியும்."

"ஒரு வெரக்கடைன்னா? நான் உன்னவிட ஆறு வயசு மூப்புடி!"

"அவருக்கு நீ அஞ்சு வயசுலயே நின்னுட்டே."

மாடு ஒன்று தண்ணீருக்குக் கத்தியது.

"உங்காலயாச்சும் புடிச்சுப் பாத்தாரல்லோ" என்றாள் நாச்சம்மாள். டின் ஒன்றைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் போனாள்.

வெள்ளிக்கிழமை சித்தூரில் பத்திர எழுத்துக்காரர் முக்தியார் பத்திரத்தை வாசித்துக் காட்டினார். அதில் 'மேற்படி இடத்தில் கிணறு இல்லை' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாள் நாச்சம்மாள். இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்றார் அவர். "எழுதுங்க" என்றாள் மருதாத்தாள். எழுதினார். அக்காளும் தங்கையும் கையெழுத்துப் போட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டு முக்கில் இருந்த செருப்புக் கடைக்கு மருதாத்தாள்தான் இழுத்துக்கொண்டு போனாள். இருந்தது ஒரே பெஞ்சு. கடைக்காரர், தனக்கு நேரே உட்கார்ந்திருந்த மருதாத்தாளின் காலைப் பிடித்து அளவுப் பலகைமேல் வைக்கப் போனார்.

"அவளுக்கில்லீங்க!" நாச்சம்மாள் தங்கையை இடித்துத் தள்ளினாள். "எனக்கு. எங்கால அளங்க."

மருதாத்தாளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. நாச்சம்மாள் சிரிக்கவில்லை. காட்டில் வெடித்த குதிகாலைப் புடவைத் தலைப்பால் ஒரு முறை துடைத்துக்கொண்டு, பலகையின் ஓரம்வரை நன்றாகத் தள்ளி வைத்தாள்.