பச்சைக் குறியும் பக்கத்தின் கடைசி வரியும்

என் வேலை என்னவென்று வீட்டில் புரியவைக்க எனக்கு வெகுநாள் ஆயிற்று. அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடம் போகாதவர்கள். "கம்ப்யூட்டர்ல எழுதுதான்" என்று சுரண்டைச் சந்தையில் கேட்பவர்களிடம் அப்பா சொல்லிவந்தார். அது சரிதான். நிறுவனங்களின் கணினிகளுக்குள் யாராவது திருட்டுத்தனமாக நுழைகிறார்களா என்று கண்காணிக்கும் மென்பொருள் எங்களுடையது. வரும் எச்சரிக்கைகளில் எது அவசரம் என்று பிரித்துச் சொல்ல, வாடிக்கையாளர்கள் ஓர் ஏஐ மாடலை, அதாவது செயற்கை நுண்ணறிவு நிரலை, அதோடு இணைத்துக்கொள்ளலாம். எப்படி இணைப்பது என்று சொல்லும் இணையப் பக்கங்களை எழுதுவதும் திருத்துவதும் என் வேலை. தென்காசியில், குற்றாலம் சாலையில், ஒரு பாத்திரக்கடைக்கு மேலே அலுவலகம்.

மாடல்கள் அடிக்கடி மாறும். அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்கள் பழையதை நிறுத்திவிட்டுப் புதியதை விடும். அப்போதெல்லாம் பக்கத்தைத் திருத்தி, அடியில் என்ன மாற்றினோம் என்று ஒரு வரி எழுதுவோம். எழுதியவரே வெளியிட முடியாது. இன்னொருவர் படித்து ஒப்புதல் தரவேண்டும். என் பக்கங்களுக்கு ஒப்புதல் தருபவர் மேலாளர். இலத்தூர்க்காரர். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்து இந்தக் கிளையைத் தொடங்கியவர். எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி.

சென்ற சாரல் காலத்தில் ஒருநாள் எனக்கு ஓர் அழைப்பு வந்தது. கோயம்புத்தூர் மருத்துவமனை ஒன்றில் கணினிப் பாதுகாப்பைப் பார்த்துக்கொள்பவர். என் வயதுதான் இருக்கும்.

"டெஸ்ட் பட்டனை அழுத்தினா பச்சைக் குறி வரும், வந்தா இணைப்பு சரின்னு உங்க பக்கத்துல போட்டிருக்குல்லா?"

"ஆமா, அப்படித்தான் இருக்குல்லா."

"இப்பவும் பச்சைதான் காட்டுது. ஆனா மாடல நிறுத்தி ரொம்ப நாளாச்சாம்." சட்டென்று பேச்சை மாற்றினார். "நீங்க தென்காசிப் பக்கமா? பேச்சு அப்படித் தெரியுது. நான் ராயகிரி."

பிறகு நடந்ததைச் சொன்னார். நின்றுபோன மாடல் எந்த எச்சரிக்கையையும் பிரித்துச் சொல்லவில்லை. குவியலில் ஒன்று கவனிக்கப்படாமல் கிடந்தது. அந்த வழியாக யாரோ உள்ளே புகுந்து, வெளிநோயாளிகள் பதிவுசெய்யும் கணினிகளை முடக்கிவிட்டார்கள். காய்ச்சல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பகல் முழுக்க ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். இவர் சரியாக இணைக்கவில்லை என்று நிர்வாகம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் கொடுத்துவிட்டது. வேலை போய்விடும் போலிருந்தது.

"நீங்க எழுதினதத்தான் ஒண்ணுவிடாம செஞ்சேன். இணைச்ச அன்னைக்கே அந்தப் பக்கத்தப் போட்டோ எடுத்து வச்சிருக்கணும்; இப்ப எடுத்தா அன்னைக்கும் இதுதான் இருந்துச்சுன்னு நிர்வாகம் நம்பாது. எழுதியிருக்கே, பெறகென்னன்னு இருந்துட்டேன்."

நான் சேர்வதற்கு முன்பே யாரோ எழுதிய பக்கம் அது. சோதித்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. இணைப்புக்காகக் கொடுக்கும் ரகசியச் சாவி எண் சரியாக இருந்தாலே பச்சை வந்துவிடுகிறது; மாடல் பதில் சொல்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை.

தண்ணீர் விழும் நாட்களில் அலுவலகத்துக்கு முன்னால் நாங்கள் சிலர் ஐந்தருவிக்குப் போய்வருவோம். மறுநாள் காலை குளிப்பதற்கான வரிசையில் அண்ணாச்சியிடம் சொன்னேன். தலையில் எண்ணெய் வழிய, துண்டோடு நின்றிருந்தார்.

"பக்கத்தத் திருத்திரு. அடியில சிறு திருத்தம்னு போட்டுரு."

"திருத்தினபெறகு பழசு யாரு கண்ணுக்கும் தெரியாதுல்லா அண்ணாச்சி. அந்த ராயகிரிக்காரரு எதக் காட்டுவாரு?"

"ஏலே, தப்பா எழுதிட்டோம்னு நாமளே போட்டா அந்த ஆஸ்பத்திரி மட்டுமா நஷ்டஈடு கேக்கும்? எல்லாவனும் கேப்பான். ஹெட் ஆபீஸ்ல கிளைய மூடிட்டு வேலைய சென்னைக்கே கொண்டுபோயிருவான். நீ அங்க போயிருவ. மத்த பிள்ளைக எங்கன போகும்?"

"ஆபீஸ அங்க போயி நடத்துங்க, லைன் நவுருது" என்றார் பின்னால் நின்றவர்.

அண்ணாச்சி மிகைப்படுத்தவில்லை. எங்கள் கிளையில் பாதிக்குமேல் பெண்கள். வேலை தென்காசியில் என்பதால்தான் வீட்டில் அனுப்பினார்கள்.

அன்று அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு வெகுநேரம் எதுவும் எழுதாமல் இருந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்தே எங்கள் தெருவுக்கு வரும் வங்கித் தாள், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் நான்தான் படித்துச் சொல்வேன். நான் வாசித்ததை எவரும் சந்தேகித்ததில்லை. அச்சில் இருப்பது பொய்யாகவும் இருக்கலாம் என்பது அங்கே யாருக்கும் தோன்றியதில்லை, எனக்கும்தான். ராயகிரிக்காரரும் அப்படித்தான் நம்பியிருப்பார்.

அடியில் இப்படி எழுதினேன்: "பச்சைக் குறி வந்தால் இணைப்பு முழுமையாக வேலை செய்கிறது என்று முந்தைய பதிப்பு கூறியது. அது தவறு. சாவி சரியானது என்பதை மட்டுமே அந்தக் குறி காட்டும். மாடல் நிறுத்தப்பட்டிருந்தாலும் அது தோன்றும்." ஒப்புதலுக்கு அனுப்பினேன்.

அண்ணாச்சி கூப்பிட்டார். "'அது தவறு'ங்கத மட்டும் எடுத்துருவமா?"

"எடுத்தா அந்த ராயகிரிக்காரருக்குப் பிரயோஜனப்படாது அண்ணாச்சி."

"வக்கீலு மாதிரி பேசுத." திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "நீ போயி சாப்பிடு."

சாப்பிட்டுத் திரும்பியபோது பக்கம் வெளியாகியிருந்தது. ஒரு சொல்கூடக் குறையவில்லை. அண்ணாச்சி மாடிப்படியில் நின்று தலைமை அலுவலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். "ஆமா சார், நான்தான் அப்ரூவ் பண்ணினேன்" என்பது மட்டும் என் காதில் விழுந்தது.

கிளையை மூடவில்லை. ஆனால் அதன்பிறகு வாடிக்கையாளர்கள் சிலர் விலகினார்கள். புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதம் சேரவிருந்த செங்கோட்டைப் பெண்ணிடம் இப்போதைக்கு வரவேண்டாம் என்று அண்ணாச்சியே போனில் சொன்னார். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெண் என்ன சொன்னாளோ, "சரிம்மா, சரிம்மா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு வைத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

ராயகிரிக்காரர் மறுபடி அழைத்தார். பக்கத்தை அச்செடுத்து விளக்கத்தோடு கொடுத்தாராம். வேலையை விட்டு நிறுத்தவில்லை, விசாரணையும் முடியவில்லை.

"அந்த வரிய மட்டும் எடுத்துராதீங்க. விசாரிக்கவங்க இன்னும் திறந்து திறந்து பாக்காங்க."

அடுத்த திருத்தம் வரும்போது பழைய வரியை நீக்குவது எங்கள் வழக்கம். மாடல் மறுபடி மாறியது. பக்கத்தைப் புதிதாக எழுதினேன். அந்த வரியை நீக்காமல் ஒப்புதலுக்கு அனுப்பிவிட்டு அண்ணாச்சியின் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கடைசி வரி வரை படித்தார். அந்த வரியைத் தொடாமல் ஒப்புதல் தந்தார்.