மூன்று பேர் வீட்டில் இரண்டு சீட் வண்டி

அந்தச் சிவப்பு வண்டி வீட்டுக்கு வந்த அன்று வேதமணி டீச்சர் முதலில் பார்த்தது அதன் சீட்டுகளைத்தான். இரண்டே இரண்டு. வீட்டில் மூன்று பேர்: அவள், கணவர் ஜெபசிங், மகள் தேவகனி. மூன்றாவது ஆள் எங்கே உட்காருவது என்று அவள் கேட்கவில்லை. அந்த மூன்றாவது ஆள் யார் என்பது கேட்காமலே தெரிந்துவிட்டது.

வாசலில் ஏற்கெனவே ஒரு அம்பாசடர் நின்றது. பால் நிறம். முன்னாலும் பின்னாலும் பெஞ்சு போல நீண்ட சீட். நாசரேத்திலிருந்து ஜெபசிங்கின் சொந்தபந்தம் வந்தால் மடிமேல் மடியாக எல்லோரும் ஏறிக் கோயிலுக்குப் போய்விடலாம். சாவியைத் திருகுமுன் யாராவது ஒருவர் ஜெபம் சொல்லவேண்டும். ஆமென் சொன்ன பிறகுதான் இன்ஜின் உறுமும். அது அந்த வீட்டு வழக்கம். துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்டாக இருந்த ஜெபசிங்குக்கு அந்த ஒரு வண்டி போதும் என்று ஊர் நினைத்தது. வேதமணியும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

மில் மேனேஜராக இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊரைக் காலி செய்துகொண்டு சீமைக்குக் கிளம்பியபோது இந்தச் சிவப்பு வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போனார். கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்துவிட ஒரு கான்வாஸ் துணி. சக்கரங்களுக்கு சைக்கிள் மாதிரி கம்பி. உள்ளே உட்கார்ந்தால் காலை நீட்டிப் படுத்துக் கிடப்பது போல இருக்கும்.

எதிர்வீட்டு சந்தனமாரி வாசலில் நின்று இடுப்பில் கைவைத்துப் பார்த்தாள்.

"என்ன டீச்சர், ஐயா வாங்கிட்டு வந்தது காரா, குளிக்கத் தொட்டியா?"

"கார்தான்."

"கூரை போடுததுக்குள்ள கொண்டுவந்துட்டாவ போல."

ஜெபசிங் சிரித்தார். சாவியை விரலில் சுற்றியபடி அம்பாசடரைக் காட்டி, "ஏளா வேதம், அது குடும்பத்துக்கு," என்றார். சிவப்பு வண்டியின் மூக்கைத் தட்டி, "இது எனக்கு."

வேதமணிக்கு வேகம் என்றாலே ஆகாது. அவள் அண்ணன் சுந்தர்சிங் புது மோட்டார் சைக்கிளில் மதுரைக்குப் போனவன். கயத்தாறு தாண்டி, விளக்கில்லாத பருத்தி வண்டிக்குப் பின்னால் மோதிச் செத்துக் கிடந்தான். சாத்தான்குளத்து வீட்டுக்கு அவனைக் கொண்டுவந்தபோது, அவன் சட்டைப்பையில் இருந்த சீப்புகூட உடையவில்லை.

அப்படிப்பட்டவள் அம்பாசடர் ஓட்டக் கற்றிருந்தாள் என்றால் நம்புவது கடினம். ஜெபசிங்தான் விடாமல் கற்றுக்கொடுத்து லைசென்சும் எடுக்க வைத்தார். பள்ளிக்கூடம், கோயில், கடைத்தெரு. ரயில்வே ரெண்டாம் கேட்டைத் தாண்டி அவள் ஓட்டியதே இல்லை. மாட்டுவண்டிகள் அவளுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும். "டீச்சர் வண்டிக்குப் பின்னால போனா ஒரு தூக்கம் போட்டுரலாம்" என்று வண்டிக்காரர்கள் சொல்வது அவள் காதிலும் விழும்.

புதுத் துறைமுகம் திறந்து, அதற்கு நேராக ஒரு ரோடும் வந்தபிறகு சனிக்கிழமைகள் அவளுக்கு நரகமாகிவிட்டன. இரண்டு பக்கமும் உப்பளம். நடுவே அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல ரோடு. அது முடிகிற இடத்தில் ஒரு குட்டைச் சுவர். சுவருக்கு அப்பால் கடல். ஜெபசிங் சனிக்கிழமை காலையில் தேவகனியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்த ரோட்டில் சிவப்பு வண்டியை விரட்டுவார். சுவர் கிட்டே வரும்வரை விரட்டிவிட்டு ஒரே மிதியில் நிறுத்துவார். அதுதான் விளையாட்டு. தேவகனி வீட்டுக்கு வந்து கண் விரிய அதைச் சொல்லும்போது வேதமணி அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள்.

"ஒண்ணும் ஆவாது வேதம். இதோட முன் சக்கரத்துல அம்பாசடர் மாதிரி மூடின டிரம் கெடையாது. தட்டு. வெளியில தெரியுத இரும்புத் தட்டு. அத ரெண்டு பக்கமும் நண்டு மாதிரி கவ்விப் பிடிக்கும். டக்குனு நிக்கும்."

வருகிறவர்களிடமெல்லாம் அவர் அந்தத் தட்டைப் பற்றிச் சொன்னார். அவள் பாதிக் காதில்தான் கேட்டாள். சிவப்பு வண்டியில் ஜெபமும் கிடையாது. அவர்கள் தெரு முனை திரும்பும்வரை அவள் கேட்டருகில் நின்று அதைத் தனியாகச் சொல்வாள். அவளை நடுங்கவைத்த கணக்கு ஒன்றுதான். மூன்று பேரில் இரண்டு பேர் அதில் போகிறார்கள். ஏதாவது ஆனால் மிஞ்சப்போவது ஒருத்தி.

ஒருநாள் தேவகனி சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்: "அம்மா, நம்ம சிவப்புக் கார்ல என் கால்கிட்ட ஒரு ஓட்டை. அது வழியா ரோடு ஓடுறது தெரியுது."

வேதமணி குனிந்து பார்த்தாள். உப்புக்காற்று தகரத்தை அப்பளம் போல அரித்திருந்தது. ஜெபசிங் ஒரு தகரத் துண்டை வைத்து அடைத்துவிட்டு மறந்துபோனார். அவளால் மறக்க முடியவில்லை. இன்றைக்குத் தரை என்றால் நாளைக்கு எது? வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே சக்கரம் கழன்று ஓடுவது கண்முன் தெரிந்தது.

தூத்துக்குடியில் வெறும் இரும்பை யாரும் அப்படியே விட்டுவைப்பதில்லை. கேட்டுக் கீல், கிணற்று உருளை, தோணியில் அடித்த ஆணி, எதுவானாலும் எண்ணெய் தொட்டு வைப்பார்கள். தோணிகளுக்குச் சுறா எண்ணெய் பூசுகிற பொன்னுதுரை பக்கத்துத் தெருக்காரர். அவரிடம் போய்ச் சொன்னாள். ஜெபசிங் கப்பல் வேலையாகத் துறைமுகத்திலேயே தங்கிவிட்ட ஒரு வெள்ளிக்கிழமை பொன்னுதுரை டின்னும் பிரஷுமாக வந்து, வண்டிக்கடியில் நுழைந்து, சாயங்காலம்வரை பூசினார். வேதமணி அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காலையில் வந்த ஜெபசிங் மூக்கைப் பொத்தினார்.

"என்ன நாத்தம் இது?"

"துரு பிடிக்கக்கூடாதுன்னு அடியில எண்ணெய் போடச் சொன்னேன்."

"சுறா எண்ணெயா? ஏளா, இது காரா தோணியா?" அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "வா கனி, இன்னைக்கு நம்ம தோணியில போவோம்."

போய்விட்டார்கள். அவள் கேட்டருகில் நின்று ஜெபத்தை முடித்துத் திரும்பும்போது பொன்னுதுரை வந்தார். டின்னை மறந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்.

"ஐயா பாத்தாவளா டீச்சர்? என்ன சொன்னாவ?"

"நாத்தம் கொடலப் பொரட்டுதுன்னாவ."

"நாத்தம் போயிரும். இரும்பு கெடக்கும்லா." அவர் குந்தி உட்கார்ந்து டின்னின் வாயைத் துடைத்தார். "அடி முழுக்கப் பூசியாச்சு. நீங்க சொல்லாத ஒண்ணும் செஞ்சிருக்கேன். முன் சக்கரத்துக் கம்பி வழியாப் பாத்தேன். உள்ள ஒரு வட்டத் தட்டு. பெயின்ட் கெடையாது, மூடி கெடையாது, வெறும் இரும்பு. லேசா செம்பட்ட ஏறியிருந்துச்சு. மனசு கேக்கல. ரெண்டு பக்கமும் வழிய வழியத் தேச்சு விட்டுட்டேன்."

வேதமணி நின்ற இடத்திலேயே நின்றாள். நண்டு மாதிரி கவ்விப் பிடிக்கும் என்று ஜெபசிங் சொன்னது நினைவுக்கு வந்தது. எண்ணெய் தடவிய தட்டை எந்த நண்டு பிடிக்கும்?

"அண்ணாச்சி, அதுதான் பிரேக்கு," என்றாள்.

"எது டீச்சர்?"

"அந்தத் தட்டு."

பொன்னுதுரை டின்னைக் கீழே வைத்தார். வேதமணி உள்ளே ஓடி அம்பாசடர் சாவியை எடுத்துவந்தாள்.

"ஏறுங்க."

"நான் எதுக்கு டீச்சர்?"

"ஏறுங்க அண்ணாச்சி."

அன்று அந்த வண்டி ஜெபமில்லாமல் கிளம்பியது. தெருவைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, ரெண்டாம் கேட்டையும் தாண்டியது அவளுக்குத் தெரியவில்லை. எவ்வளவு அழுத்தியும் அம்பாசடர் சேற்றில் நடக்கிற எருமை போலத்தான் போனது. புகை நாற்றம் வந்தது.

"டீச்சர், ஏதோ கருகுது."

"வண்டி போகமாட்டேங்கு அண்ணாச்சி."

"இங்கன ஒண்ணு இழுத்துக் கெடக்கே, இது என்னது?"

ஹேண்ட் பிரேக். பிடிக்கவேண்டிய வண்டியில் பிரேக் இல்லை; ஓடவேண்டிய வண்டி பிரேக் பிடித்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதை விடுவித்ததும் அம்பாசடர் முன்னால் பாய்ந்தது. பொன்னுதுரை டாஷ்போர்டை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

துறைமுகத்துக்குப் போகும் ரயில் பாதையில் கேட் மூடியிருந்தது. சரக்கு வேகன்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. அவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"செவப்பு வண்டி போச்சா?"

கேட்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "கேட்டு மூடுததுக்கு முன்னாடியே போயிட்டு டீச்சர். பாப்பாவும் உண்டு, கையாட்டிட்டுப் போச்சு. நீங்க பைய வாங்க. அவிய எங்க போயிரப் போறாவ, அங்கன கடல்தான இருக்கு."

வேகனுக்குப் பின்னால் வேகன் வந்தது. வேதமணி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அண்ணனின் சட்டைப்பைச் சீப்பு கண்முன் வந்தது. தேவகனிக்கு அன்று காலையில் மஞ்சள் ரிப்பன் கட்டியதும் நினைவுக்கு வந்தது.

"நான் அறியாம செஞ்சது டீச்சர்," என்றார் பொன்னுதுரை.

"பூசச் சொன்னது நான்தானே."

கேட் திறந்தது. உப்பளத்து வெள்ளை கண்ணைக் கூசவைத்தது. ரோடு நீண்டுகொண்டே போனது. சிவப்பாக எதுவும் இல்லை. அந்தக் குட்டைச் சுவர் கண்ணில் பட்டபோது அவள் அதை மட்டும் பார்த்தாள். இடிந்திருக்கிறதா, இல்லையா? தூரத்தில் தெரியவில்லை.

"டீச்சர், அங்கன," என்றார் பொன்னுதுரை.

ரோட்டுக்கு இடதுபக்கம் பனையோலை வேய்ந்த உப்பு அம்பாரங்கள் வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்று பாதி சரிந்திருந்தது. சரிவுக்குள்ளிருந்து சிவப்பு வண்டியின் பின்பாகம் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் நிறுத்தினாள், இறங்கினாள், ஓடினாள். ஒரு செருப்பு எங்கோ போயிற்று. ஓலைகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். இரண்டு சீட்டுமே காலி. சீட்டின்மேல் உப்பு. உப்பில் மஞ்சள் ரிப்பன்.

இரண்டு கையாலும் உப்பை வாரி வாரி வெளியே கொட்டத் தொடங்கினாள்.

"அம்மா."

அம்பாரத்துக்கு மறுபக்கம், வாய்க்கால் வரப்பில் தேவகனி உட்கார்ந்திருந்தாள். கீழுதடு கிழிந்திருந்தது. "உப்பு பட்டு எரியுதும்மா," என்று அழுதாள். பக்கத்தில் ஜெபசிங், தலைமுதல் கால்வரை வெள்ளையாக, கைக்குட்டையை மகள் உதட்டில் அழுத்தப் பார்த்துக்கொண்டிருந்தார். கைக்குட்டை உதட்டை விட்டு மூக்கிலும் கன்னத்திலும் பட்டது.

"ஊருக்குள்ளயே லேசா வழுக்குச்சு வேதம். பூசுததுக்கு முன்னால கழுவின ஈரம்னு நெனச்சேன். இங்க வந்து மிதிச்சா... மிதிக்கேன் மிதிக்கேன், அது பாட்டுக்குப் போவுது. சுவரு கிட்டக்க வந்துட்டு. ஒடிச்சுத் திருப்பி இதுல விட்டுட்டேன்."

பொன்னுதுரை ஏதோ சொல்ல வாயெடுத்தார். வேதமணி முந்திக்கொண்டாள்.

"அந்தத் தட்டுலயும் எண்ணெய் பூசியாச்சு. பூசச் சொன்னது நான்."

ஜெபசிங் அவளைப் பார்த்தார். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். அவர் தன் கைகளைப் பார்த்தார். பிறகு, "நான் அவ்வளவு வெரட்டாம இருந்திருக்கணும்," என்றார். சற்றுக் கழித்து, "ஊர்ல சொல்லாத. சிரிப்பாவ."

வீட்டுக்கு அம்பாசடரில் திரும்பினார்கள். அவளே ஓட்டினாள். சாவியைத் திருகுமுன் யாராவது ஜெபம் சொல்வார்கள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். கடைசியில் பின்சீட்டிலிருந்து பொன்னுதுரைதான், "செந்தூர் முருகா, வண்டி நிக்கணும்," என்றார். தேவகனி ஆமென் சொன்னாள்.

ஊரில் சொல்லாமல் இருக்கத்தான் இருந்தார்கள். ஆனால் பொன்னுதுரை மனசு தாங்காமல் தோணித்துறையில் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வருவதற்குள் சிவப்பு வண்டிக்குச் 'சுறாக்கார்' என்று பெயர் விழுந்துவிட்டது.

லாரியில் கயிறு கட்டி இழுத்து, பிரேக் தட்டை உரசி, அதைக் கவ்வும் கட்டைகளை மாற்றி, வண்டியைச் சரிசெய்து கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஜெபசிங் அதன் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தார். எடுத்துவிட்டார். மறுவாரமும் அப்படியே. விற்கலாம் என்றால் சுறா நாற்றமும் உப்புக் கதையும் கேட்டவர்கள் யாரும் கிட்டே வரவில்லை. மெக்கானிக், "வாரம் ஒருதரமாவது ஓட்டாட்டா இன்ஜின் இறுகிரும் சார்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டி துருப்பிடித்தபடி ஷெட்டில் நிற்பதும், என்றைக்காவது ஒருநாள் அவர் மனம் மாறி அதைப் பழையபடி விரட்டுவதும், இரண்டும் வேதமணியின் தூக்கத்தைக் கெடுத்தன. ஒரு சனிக்கிழமை அவளே சாவியை எடுத்தாள். பயம் போய்விட்டது என்று சொல்வதற்கில்லை.

அன்றிலிருந்து அது அவள் வேலையானது. ஷெட்டிலிருந்து ஒரு முழம் நகர்த்துவாள். மிதிப்பாள். நிற்கிறதா என்று பார்ப்பாள். இன்னொரு முழம், மறுபடி மிதி. துறைமுக ரோட்டுப் பக்கமே போகமாட்டாள். பள்ளிக்கூடம்வரை போய்த் திரும்புவாள். மாட்டுவண்டிகள் பின்னால் வரிசை கட்டும். "சுறா போவுது, ஒதுங்குங்க" என்று யாராவது கத்துவார்கள். ஒதுங்கவேண்டிய தேவை யாருக்கும் இருக்காது. பக்கத்து சீட்டில் தேவகனி, உதட்டில் மெல்லிய தழும்போடு, ஒரு கையால் கதவைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பாள்.

இரண்டு சீட்டுதான். மூன்றாவது ஆள் கேட்டருகில் நிற்பார். அவர்கள் திரும்பி வரும்வரை ஜெபசிங் உள்ளே போகமாட்டார். பேப்பரை விரித்து வைத்திருப்பார், படிக்கமாட்டார்.

"பிரேக் பாத்தியா வேதம்?"

"பாத்தேன்."

"இன்னொரு தரம் பாரு."

அவள் இன்னொரு தரம் மிதித்துப் பார்ப்பாள்.