கொழும்பில் பால்மா என்ன விலை?

ஹனோவரில் நான் இருபது வருடம் பார்த்த வேலை, விலை விசாரிப்பது. ஜெர்மன் நிறுவனங்கள் தங்கள் ஆட்களை நைரோபிக்கோ டாக்காவுக்கோ அனுப்பும்போது, அங்கே குடும்பம் நடத்தச் சம்பளத்துக்கு மேல் எவ்வளவு படி கொடுக்க வேண்டும் என்று கணக்குப் பார்த்துச் சொல்வோம். ஹனோவரின் செலவை நூறு என்று வைத்து மற்ற நகரங்களை ஒப்பிடுவோம். எனக்கு ஒருநாளும் அலுக்காத வேலை. ஓரிடத்தில் வாடகை மலிவு, ஆனால் ஒரு வருடத்துக்கு முன்கூட்டியே கேட்பார்கள். இன்னோரிடத்தில் சாப்பாடு மலிவு, தண்ணீரை பவுசர் லாரியில் வாங்க வேண்டும். இதெல்லாம் ஒரு எண்ணுக்குள் எப்படி அடங்கும் என்று யோசித்தே ரயிலைத் தவறவிட்டிருக்கிறேன்.

ஒவ்வொரு நகரத்திலும் கடை கடையாகப் போய் விலை எழுதி அனுப்ப ஒருவர் இருப்பார். ஒருமுறை கொழும்பு ஆள் திடீரென்று விலகிவிட்டார். எங்கள் இலங்கைத் தமிழ்ச் சனத்துக்கு எந்தச் சிக்கலிலும் முதலில் நினைவுக்கு வருவது ஒரு சொந்தக்காரர்தான். கொழும்பு வெள்ளவத்தையில் என் அக்கா இருக்கிறார், ஒரு போனில் முடித்துவிடலாம் என்று மேலாளரிடம் மார்தட்டினேன். அக்காவும் பட்டியல் முழுவதற்கும் தயங்காமல் விலை சொன்னார்.

மூன்று மாதம் கழித்து ஒரு பொறியாளர் கொழும்பிலிருந்து அழைத்தார். எங்கள் கணக்கை நம்பி இரண்டு பிள்ளைகளோடு போனவர். கிடைக்கும் படி போதவில்லை, மனைவியையும் பிள்ளைகளையும் திருப்பி அனுப்பப் போகிறேன் என்றார். உங்கள் விலைக்குப் பால்மா விற்கும் கடையைக் காட்டினால் அதற்குப் பக்கத்திலேயே வீடு எடுப்பேன் என்றும் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அவர் அனுப்பிய பற்றுச்சீட்டுகளை அக்காவின் விலைகளோடு வைத்துப் பார்த்தேன். அரிசி, பருப்பு, சீனி எல்லாம் சரி. பால்மா, மீன், இறைச்சி மட்டும் பாதிக்குப் பாதி குறைவு. அக்கா கணக்கில் கெட்டிக்காரி. சிலதில் மட்டும் எப்படிப் பிசகும்? அதை அறியாமல் இருக்க முடியவில்லை. அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

"அக்கா, கடைசியா எப்ப பால்மா வாங்கினனீங்கள்?"



"விலை ஏற முந்தி வாங்கினது, தம்பி. இப்ப பாலில்லாத வெறுந்தேத்தண்ணிதான். உனக்குச் சொன்னால் காசு அனுப்பப் போறன் எண்டு நிப்பாய்."

மேலாளரிடம் பிழையை ஒப்புக்கொண்டேன். வேறொருவரைக் கடைகளுக்கு அனுப்பிக் கணக்கைத் திருத்தினோம். பொறியாளரின் குடும்பம் அங்கேயே தங்கியது. விலைப் படிவத்தில் ஒரு கேள்வியைப் புதிதாகச் சேர்த்தேன்: கடைசியாக எப்போது வாங்கினீர்கள்? இந்த வேலைக்கு வருகிறவர்கள் அதைத் தாண்டிப் போகாதீர்கள். விலை சொல்கிறவர் எல்லாரும் அதை வாங்குகிறவர் அல்லர்.

அக்காவோடு நான் ஒவ்வொரு ஞாயிறும் கதைக்கிறவன். அந்தக் கேள்வியை ஒரு அந்நியருக்காகத்தான் முதன்முதலில் கேட்டேன்.