இன்டர்வெல் எங்கே விட்டார்கள்

யாராவது படம் பார்த்துவிட்டு வந்தால், படம் நன்றாக இருந்ததா என்று அம்மா கேட்க மாட்டாள். "இன்டர்வெல் எங்க விட்டாங்க?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்லத் தெரியாதவர்கள் படம் பார்க்கவே லாயக்கில்லை என்பது அவள் கட்சி. அப்பா அந்த வகை. டைட்டில் ஓடும்போது தூங்க ஆரம்பித்தால், எல்லோரும் எழுந்து செருப்பைத் தேடும்போதுதான் கண் திறப்பார். "உங்குளுக்கு டிக்கெட் எடுத்த காசுக்கு ஒரு தலகாணி வாங்கியிருக்கலாமுங்க" என்பாள் அம்மா. அப்பா சிரித்துக்கொள்வார்.

கோயம்புத்தூரில் இருந்தவரை புதுப்படம் வந்த வாரமே அக்கா தங்கைகளோடு போய் உட்கார்ந்துவிடுகிறவள் அம்மா. அப்பாவுக்குப் பிம்ப்ரியில் தொழிற்சாலை வேலை கிடைத்து, நாங்கள் புனேவுக்கு வந்து ஔந்தில் குடியேறியதும் அதெல்லாம் நின்றுபோனது. அவளுடைய இந்தி, வெங்காயம் வாங்கும் அளவோடு நின்றுவிட்டது. தமிழ்ப்படம் வேண்டுமென்றால் பஸ் பிடித்து, ஊர் நடுவில் தமிழர்கள் இருக்கும் கேம்ப் பகுதி வரை போய் வீடியோ கேசட் எடுத்துவர வேண்டும். அதுவும் முக்கியமான இடத்தில் கோடு கோடாக ஓடும். "நல்லா ஓடுது போ, மழையில நனஞ்ச படமாட்டம்" என்று டிவியைத் திட்டிவிட்டு எழுந்து போவாள்.

அதனால், தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷ் மிஸ் வெள்ளிக்கிழமைகளில் படம் போட ஆரம்பித்தபோது, என்னைவிட அம்மாவுக்குத்தான் கொண்டாட்டம்.

மாடியில் கறுப்புத் திரை போட்ட ஓர் அறை. மர அலமாரிக்குள் பூட்டி வைத்த டிவி. மிஸ் சாவி போட்டுத் திறந்து கேசட்டைத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு முறையும் இங்கிலீஷில் இதையே சொல்வார்: "கதையை எழுதித் தராதீங்க. கதை எனக்கும் தெரியும். எந்த இடத்துல யாரும் பேசாம இருந்தாங்க, அப்போ உனக்கு என்ன தோணுச்சு, அதை எழுது. முடிவை மட்டும் வெளியில சொல்லிடாதே. படம் பார்க்காதவங்களுக்குச் செய்யற துரோகம் அது."

வீட்டில் நேர்மாறு. அம்மாவுக்குக் கதை முழுக்க வேண்டும்.

"அவ என்ன கலரு துணி போட்டிருந்தா?"

"கறுப்பு வெள்ளைப் படம்மா."

"இருந்தா என்ன? வெளுப்பா, கறுப்பா? அதச் சொல்லு அம்முணி."

நான் சொல்லும் கதை கால்மணி நேரம்கூட வராது. அதற்கும் இடைவேளை உண்டு. பாதியில் நிறுத்தச் சொல்லிவிட்டு எழுந்து போய் டீ போட்டு, வறுத்த கல்லக்காயை ஒரு தட்டில் கொட்டிக்கொண்டு வருவாள். ஊரில் நிலக்கடலைக்கு அதுதான் பெயர். ஒரு கை வாயில் போட்ட பிறகுதான், "ம், இப்பச் சொல்லு" என்பாள். அப்பா பக்கத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். ஷிப்ட் முடித்து வந்த மனிதர், தூங்குகிறார் என்றுதான் நினைத்துக்கொள்வோம்.

அந்த வருடம் மழைக்காலத்தில் அம்மாவுக்கு வயிற்றுவலி வந்தது. கர்ப்பப்பையில் கட்டி, எடுத்துவிடலாம், பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அந்த வாரம்தான் மிஸ் படகுத்துறைப் படத்தைப் போட்டார்.

ஏதோ ஒரு வெளிநாட்டு ஆறு. கரையில் டீக்கடை வைத்திருக்கும் வயதான பெண். சண்டை போட்டுக்கொண்டு அக்கரைக்குப் போன மகன் வருவான் என்று மாலைப் படகு வரும்போதெல்லாம் வந்து நிற்பாள். ஒருநாள் தூரத்தில் வரும் படகிலிருந்து ஒரு கை உயர்ந்து அசைகிறது. முகம் தெரியவில்லை. அவள் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைக்கிறாள். படம் நின்றது. மிஸ் விளக்கைப் போட்டு, பார்த்த வரைக்கும் எழுதி வா, மிச்சம் அடுத்த வெள்ளிக்கிழமை என்றார்.

வீட்டில் சொன்னேன். அம்மா தொடையில் தட்டி, "அடேங்கப்பா! இன்டர்வெல்லுன்னா இது இன்டர்வெல்லு. எவனோ வெவரமானவன்தான் எடுத்திருக்கறான்" என்றாள். அந்த ஜோரில் நானும் எழுதிவிட்டேன்: இந்தப் படத்தின் மிகச் சிறந்த விஷயம் அதன் இடைவேளை, கை உயர்ந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று தோன்றிய இயக்குநர் பெரிய ஆள். ஒரு பக்கம் முழுக்க அதுவேதான்.

அடுத்த வெள்ளிக்கிழமை மிஸ் அதை வகுப்பில் வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்து, "கண்ணம்மா, இந்தப் படத்துக்கு இடைவேளையே கிடையாது. அங்கே நிறுத்தினது இயக்குநர் இல்லை, நான். மணி அடிச்சுட்டாங்க, நிறுத்திட்டேன்" என்றார். வகுப்பே சிரித்தது. என் பெஞ்சுக்காரி தலையை டெஸ்கில் வைத்துச் சிரித்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். படம் என்றால் இடைவேளை இருக்கும், இதிலென்ன சிரிப்பு? ஊரெல்லாம் அப்படித்தானே பார்க்கிறது?

பிறகு மிச்சத்தைப் போட்டார். படகு கரைக்கு வந்தது. கையசைத்தவன் மகன் இல்லை. யாரோ ஒருவன், அவளுக்குப் பின்னால் நின்ற தன் பெண்டாட்டியைப் பார்த்துக் கையசைத்திருக்கிறான். கடைக்காரி அவர்கள் இருவருக்கும் டீ போட்டுக் கொடுக்கிறாள். கடைசியில் கடையைப் பூட்டிவிட்டு முதல்முறையாகத் தானே படகில் ஏறி உட்காருகிறாள். கரை தள்ளிப் போகிறது. யாருமில்லாத கரையைப் பார்த்துக் கையைத் தூக்குகிறாள். அவ்வளவுதான் படம். நான், இதைப் போய் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று உட்கார்ந்திருந்தேன்.

ஏனென்றால் அம்மா அன்று காலையில்தான் கேம்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாள். மறுநாள் ஆபரேஷன். பள்ளி விட்டு, சீருடையோடு பஸ் ஏறி நேராக அங்கே போனேன். பச்சை கவுனில் அம்மா சின்னப் பெண்போல இருந்தாள். நான் அவமானப்பட்ட கதையை முதலில் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மணியடிச்சா என்ன? மணியே சரியான எடத்துலதான அடிச்சிருக்குது! உன்ற மிஸ்ஸுகிட்டச் சொல்லு, எங்கம்மா அப்பிடிச் சொன்னாங்கன்னு."

"சரி, மீதிக் கதை கேளும்மா. படகு வந்து…"

அம்மா உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினாள். "இரு சாமி. இன்டர்வெல்லு இன்னும் முடியல. பொழச்சு வந்து கேட்டுக்கறேன்."

"ரெண்டு நிமிஷம்தாம்மா."

"சொல்லாதேங்கறேன்! ஏதாச்சும் மிச்சம் இருந்தாத்தான் கண்ணு முழிக்கத் தோணும். நாளைக்கு நான் முழிச்சதும் மொதல்ல அதத்தான் சொல்லோணும், ஆமா."

அப்பா ஜன்னலோரம் ஸ்டூலில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த முடிவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருப்பவளிடம் சொல்ல எனக்கு வாய் வந்திருக்காது.

ஆபரேஷன் முடிந்தது. அம்மா கண் விழிக்கவில்லை. மயக்கத்திலேயே இருந்து, மயக்கத்திலேயே போய்விட்டாள். ஏன் என்று டாக்டர் இங்கிலீஷில் விளக்கினார். நான் அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். அப்படிச் சொன்ன வாக்கியம் எதுவும் இன்று எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தாலும் வருவதில்லை.

ஊரிலிருந்து பெரியம்மாக்கள் வந்தார்கள், அழுதார்கள், போனார்கள். மிஸ் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். அந்தப் படத்துக்கு நீ எதுவும் எழுத வேண்டாம் என்றார். அம்மா மிச்சத்தைக் கேட்காமல் போனதை அவரிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு மணியைக் கண்டுக்காம ஓடவிட்டிருக்கலாம்" என்றார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த மணி மேல்தான். இன்றைக்கும் ஏதாவது பள்ளிக்கூட வாசலைக் கடக்கும்போது மணி அடித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாதியில் விட்டுப் போனவள் மேலும் கோபம்தான். பெரிய இன்டர்வெல்!

பள்ளியில் வெள்ளிக்கிழமைப் படங்கள் தொடர்ந்தன. நான் பார்த்தேன், எழுதினேன், மதிப்பெண் வாங்கினேன். வீட்டில் கேட்க ஆளில்லை. நானும் அப்பாவும் சாப்பிட்டாயா, பூட்டினாயா என்பதைத் தவிர வேறொன்றும் பேசிக்கொள்ளவில்லை.

தீபாவளி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கழுத்தைத் தடவிக்கொண்டே, "அம்முணி, அந்தப் படகுப் படம்… எனக்குச் சொல்றியா?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பா வாழ்க்கையில் ஒரு படத்தின் கதை கேட்டு நான் பார்த்ததில்லை. சொல்ல ஆரம்பித்தேன். ஆறு, டீக்கடை, சண்டை போட்டுப் போன மகன். சீக்கிரம் முடித்துவிட்டால் போதும் என்று இருந்தது. கை உயர்ந்தது, டம்ளரைக் கீழே வைத்தாள், படகு கரைக்கு வந்தது என்று நிற்காமல் போய்க்கொண்டிருந்தேன்.

அப்பா உள்ளங்கையைத் தூக்கினார்.

"இரு சாமி. இன்டர்வெல்லு அங்கதான விட்டாங்க? கை தூக்குன எடத்துல?"

அத்தனை நாளும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனிதர். நான் உடைந்து அழுதேன். அம்மா போன அன்றுகூட நான் அப்படி அழவில்லை. அப்பா என்னைத் தேற்றவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனார். டப்பாக்களை உருட்டும் சத்தம் கேட்டது. தண்ணியாக இருந்த டீயும், ஒரு தட்டில் பாதி கருகிப்போன கல்லக்காயும் கொண்டுவந்து வைத்தார். ஒரு கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "ம், சொல்லு" என்றார்.

மீதியைச் சொன்னேன். முடிவு வரைக்கும் அப்பா தூங்கவில்லை.